அணையின் நீர்மட்டம் பார்க்கும் மகன்: வெள்ளத்துக்குப் பிறகு பிள்ளைகளின் மனம்

செல்லூர் தறிக்காரர் | 10 நவம்பர் 2024

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த மழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது நானும் மனைவியும் தறிக்கூடத்தில் இருந்தோம். வீட்டில் என் தாயாரும் நான்காம் வகுப்புப் படிக்கும் மகனும் மட்டுமே இருந்தார்கள். தாயார் முழங்கால் தேய்மானத்தால் பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாதவர். தண்ணீர் வாசற்படியைத் தாண்டிக் கட்டில் சட்டத்தைத் தொடும்வரை, அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகன் கட்டிலின் மேலேயே நின்றிருக்கிறான். மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்து இருவரையும் மேலே ஏற்றுவதற்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. யாருக்கும் உடம்பில் காயமில்லை. பிரிட்ஜும் கிரைண்டரும் பாவு நூலும் அவனுடைய பாடப்புத்தகங்களும் போயின.

ஆறாம் நாள் தீபாவளி. தெருவில் முதல் அணுகுண்டு வெடித்ததும் அவன் மாடிப்படியின் மேல்படிக்கு ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவன், இரவு ஒன்பது மணிவரை இறங்கவில்லை. ஐந்து வயதிலேயே நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் வழக்கம் திரும்ப வந்திருக்கிறது. மேகம் கறுத்தால் வயிறு வலிக்கிறது என்கிறான். பள்ளிப்பையைத் தரையில் வைப்பதேயில்லை. நாற்காலி போட்டு ஏறிப் பீரோவின் மேல் வைக்கிறான்.

இவற்றையெல்லாம் ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. எனக்குப் புரியாதது வேறொன்று. காலையில் எழுந்ததும் எதிர்த்த டீக்கடைக்குப் போய், நாளிதழில் அணைகளின் நீர்மட்டம் போடும் சிறு பெட்டியைப் பார்த்துவிட்டு வந்துதான் பல் துலக்குகிறான். வைகை அணை 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்பதைத் திருக்குறள் ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறான். ஒரு நாள் கடையில் நாளிதழ் வரவில்லை. பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதுவிட்டான்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் ஒரு குழுவினர் தெருவுக்கு வந்தார்கள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, வெள்ளத்தை வரையச் சொல்லி, ஒவ்வொருவராக எழுந்து நடந்ததைச் சொல்லச் சொல்லி, பிஸ்கட் கொடுத்து, பதாகைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று இரவு அவன் தூங்கவில்லை. என் தாயார் அவனைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியிருக்கிறார். மனநல மருத்துவரிடம் போகலாமா என்று நான் கேட்டால், அங்கே போனதாகத் தெரிந்தால் பிள்ளையை ஊர் எப்படிப் பேசும் என்று மனைவி அஞ்சுகிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆழ்வார்புரத்தான் | 10 நவம்பர் 2024

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். 1993-இல் வைகை கரைபுரண்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் குடிசை மிச்சமில்லாமல் போனது. பள்ளிக்கூட வகுப்பறையில் பத்து நாள் தங்கினோம். எங்களை உட்காரவைத்து ஆலோசனை சொல்ல எவரும் வரவில்லை. நாங்கள் படித்தோம், வேலைக்குப் போனோம், பிள்ளை குட்டி பெற்றோம். முட்டளவுத் தண்ணீரைப் பேரிடர் என்று பெயரிட்டு மருத்துவர் வரைக்கும் கொண்டுபோனால், தனக்கு ஏதோ கோளாறு என்று பிள்ளையே நம்பிவிடுவான். விளையாட விடுங்கள், மறந்துவிடுவான்.

திருநகர் டீச்சர் | 11 நவம்பர் 2024

ஓய்வுபெற்று மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. 2004-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இருந்தேன். அந்த ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். டெல்டாப் பகுதி எங்கும் வகுப்பறைகளின் ஓலைக்கூரையைப் பிரிப்பதை எங்கள் பிள்ளைகள் வேடிக்கை பார்த்திருந்தார்கள். எதற்காகப் பிரிக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஐந்து மாதம் கழித்து டிசம்பர் 26, சுனாமி. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பள்ளிக்கூடத்தையும் நம்ப முடியாது, வீட்டையும் நம்ப முடியாது என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளைகளுக்குத்தான் சனவரியில் நான் பாடம் எடுக்கப் போனேன்.

முதல் நாள் வருகைப்பதிவேட்டைத் திறந்தவுடனே எனக்குக் கை ஓடவில்லை. இல்லாத பெயர்களைத் தாண்டிப் படித்தால் அந்தப் பிள்ளைகள் இருந்ததே பொய் என்பதுபோல் ஆகிவிடும். படித்தால் பதில் வராது. அன்று பெயர் வாசிக்காமல் தலையை எண்ணினேன். மறுநாள் பிள்ளைகளிடமே கேட்டேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "எல்லாப் பேரையும் வாசிங்க டீச்சர், இல்லாதவங்களுக்கு நாங்க உள்ளேன்னு சொல்றோம்" என்றாள். ஒரு வாரம் அப்படியே நடந்தது. அதன்பிறகு புதுப் பதிவேடு வந்துவிட்டது. எந்தப் பயிற்சியிலும் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. சரியாகத்தான் செய்தேனா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இடைவேளையில் பிள்ளைகள் விளையாடிய விளையாட்டு அலை. நாலு பேர் கைகோத்து ஓடிவருவார்கள், மற்றவர்கள் விழுந்து சாவார்கள். பார்க்க நெஞ்சு பதறும். முதலில் தடுத்தேன், தடுத்தால் கழிப்பறைக்குப் பின்னால் போய் விளையாடினார்கள். பிறகு பயிற்சிக்கு வந்தவர்கள், தடுக்க வேண்டாம், ஆனால் விளையாட்டு எப்படி முடிகிறது என்று மட்டும் கவனியுங்கள் என்றார்கள். எல்லாரும் சாவதோடு நாள்தோறும் முடிந்தால் அருகில் போய், "இப்ப யார் படகு எடுத்துட்டு வர்றா?" என்று ஒரு கேள்வி போட வேண்டும். மாசிக்குள் படகு வந்துவிட்டது. சில பிள்ளைகளுக்கு வரவேயில்லை. அவர்களைத்தான் தனியாகப் பார்க்கவேண்டியிருந்தது.

ஆழ்வார்புரத்துத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளும் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். அதனால் அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று ஆகிவிடாது. அவர்களைத் தூக்கி நிறுத்தியது பெரும்பாலும் ஆலோசனை அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பத்தரைக்கு மணி அடித்தால் இடைவேளை, பன்னிரண்டரைக்குச் சத்துணவு, மாலையில் அதே டீச்சர் கதவைப் பூட்டுவார் என்ற நிச்சயம்தான் முதல் மருந்தாக இருந்தது.

மனநலப் பணியாளர் | 11 நவம்பர் 2024

பதினான்கு ஆண்டுகளாகத் தென்மாவட்டங்களில் மனநலச் சமூகப் பணியில் இருக்கிறேன். 2018 கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கமும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணிக் கரை முழுவதும் மூழ்கியபோது தூத்துக்குடி மாவட்டத்திலும் வேலை செய்தேன். முகம் பார்க்காமல் உங்கள் மகனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை, அசாதாரணமான ஒரு மாலைக்கு ஒன்பது வயதுப் பிள்ளை காட்டும் இயல்பான எதிர்வினைகள். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் தாயின் முந்தானையை விடமாட்டார்கள், பேசிக்கொண்டிருந்த பிள்ளை மழலைக்குத் திரும்பும். பள்ளி வயதில் வயிற்றுவலி, தலைவலி, படுக்கை நனைதல், ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுதல் என்று வரும். பதின்ம வயதினர் எரிந்து விழுவார்கள். அல்லது அறைக்குள் அடைந்துகொள்வார்கள். குடும்பத்தைத் தாங்கும் பெரிய மனிதர் வேடம் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அந்த வேடத்தைப் பாராட்டிவிடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. பெரும்பான்மையான பிள்ளைகள், வீடும் பள்ளியும் பழைய ஒழுங்குக்குத் திரும்பினால், சில வாரங்களில் தாமாகத் தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கமோ உணவோ படிப்போ சீராகவில்லை என்றால், அல்லது கெட்ட கனவும் திடுக்கிடலும் கூடிக்கொண்டே போனால், காத்திருக்க வேண்டாம். சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பிள்ளை பேசினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் தெருவுக்கு வந்த குழுவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது வருத்தமாகவும் வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் எங்கள் துறையே ஒரு காலத்தில் இதைத்தான் செய்தது. பேரிடர் நடந்தவுடன் பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைத்தால் மனம் காலியாகிவிடும் என்று நம்பப்பட்டது. அந்த ஒருநாள் கொட்டித்தீர்த்தல் பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்த பின், உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்கு மாற்றாக 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியின் சாரம் மூன்று வினைச்சொற்கள்: பார், கேள், இணைத்துவிடு. கேள் என்றால் பிள்ளை பேசும்போது காது கொடு என்று பொருள். கேள்வி கேட்டுக் குடை என்று பொருளல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டதால் பயிற்சி வகுப்புகளில் இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது.

பேசுவதே கூடாது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. சுனாமிக்குச் சில வாரங்களுக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஒரு பிரிவினரிடம் ஆறு அமர்வுகளில் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லவைத்தார்கள்; மற்றொரு பிரிவினருக்குத் தியானமும் உடல் தளர்த்தலும் கற்றுத்தந்தார்கள். இரண்டு பிரிவிலும் பெரும்பாலானோர் தேறினார்கள். ஆறு அமர்வுகளும் தெரிந்த ஆளும் மூடிய கதவும் இருந்த இடத்தையும், தெருவில் பதாகைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்த இடத்தையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கமில்லை என்றால் பக்கத்து மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பேரிடர் நடந்த முதல் மாதத்தில், அதிர்ச்சிக்காகவோ தூக்கமின்மைக்காகவோ பிள்ளைகளுக்குத் தூக்க மாத்திரை வகைகளைக் கொடுக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல் கூறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அணையின் நீர்மட்டம் பற்றி நாளை எழுதுகிறேன். அதுதான் இந்த இழையில் முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்மாய்க்கணக்கு | 11 நவம்பர் 2024

பொதுப்பணித்துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் காலம் கழித்தவன் நான். மனநலம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளை தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் தெரியும். வைகை அணை ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கிறது, 1959-இல் கட்டி முடித்தது, முழு நீர்மட்டம் 71 அடி. அக்டோபர் 25 அன்று செல்லூருக்குள் வந்தது அணைத் தண்ணீர் அன்று. குறைந்த நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிறைந்து, பந்தல்குடிக் கால்வாய் தாங்க மாட்டாமல் தெருவில் ஏறிய தண்ணீர். அணை 60 அடியில் இருந்தாலும் 70 அடியில் இருந்தாலும் அன்று அந்தத் தெரு மூழ்கித்தான் இருக்கும். இதை அவனுக்கு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டுங்கள். வேண்டுமானால் நானே வந்து காட்டுகிறேன். எனக்கும் இப்போது வேறு வேலையில்லை.

மனநலப் பணியாளர் | 12 நவம்பர் 2024

மேலே ஐயா சொன்னது மிகச் சரியான முதற்படி. நடந்தது என்ன என்ற உண்மையை வயதுக்கேற்பச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரியதாகவும், பல நேரங்களில் தன்னையே குற்றம் சொல்வதாகவும் இருக்கும். தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் அருகே ஒரு சிறுமி, தான் மழை விடுமுறை கேட்டுச் சாமி கும்பிட்டதால்தான் ஆறு வந்தது என்று மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ஆனால் படம் போட்டுக் காட்டியவுடன் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாளைக்கு அவன் அணையை விட்டுவிட்டுக் கண்மாயைப் பார்க்கத் தொடங்கக்கூடும். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் நடக்கவல்ல ஒரே ஆள் அவன்தான். அப்பத்தாவுக்குக் காவல் அவன்தான். அந்தக் காவல் வேலையிலிருந்து அவனை இன்னும் யாரும் விடுவிக்கவில்லை. காலையில் டீக்கடைக்குப் போவது பயத்தால் என்று நாம் நினைக்கிறோம்; அவன் கணக்கில் அது பணிக்குப் போவது.

எனவே நாளிதழைப் பிடுங்க வேண்டாம், கேலியும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் நீங்களும் அவனோடு டீக்கடைக்குப் போங்கள். பிறகு ஒரு மாலை, அப்பத்தாவையும் வைத்துக்கொண்டு, மழை வந்தால் இந்த வீட்டில் யார் என்ன செய்வது என்று நால்வரும் பேசி முடிவெடுங்கள்: மேகம் திரண்டால் பெரியவர்களில் ஒருவர் உடனே வீட்டுக்கு வருவது, வர முடியாவிட்டால் மாடி வீட்டுக்காரர் முதல் சொட்டிலேயே அப்பத்தாவை மேலே ஏற்றுவது, மாடிச் சாவி எங்கே தொங்கும் என்பது. அவனுக்கும் சிறு வேலை கொடுங்கள். டார்ச் விளக்கு அவன் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கண்காணிக்கும் வேலை இனி அப்பாவுடையது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி ஒரு மழைக்காவது நீங்கள் வீட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் இந்தப் பேச்சே வீண்.

இன்னொன்று. அந்த நேரத்தில் நீங்கள் இருவரும் அங்கே இல்லை என்பது உங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவேயில்லை.

வெள்ளைத்தாள் | 12 நவம்பர் 2024

எல்லாம் சரி. ஓதிய தண்ணீரையும் மந்திரித்த கயிற்றையும் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. 2024-இல் பயந்த கோளாறு என்று பிள்ளைக்குக் கயிறு கட்டுகிறவர்களைக் கண்டிக்காமல் அறிவியல் பேசி என்ன பயன்?

திருநகர் டீச்சர் | 12 நவம்பர் 2024

கண்டித்தால் கயிற்றோடு சேர்ந்து அப்பத்தாவும் அவமானப்படுவார், ஐயா. கட்டிலின் மேல் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். பேரனுக்காகத் தன்னால் செய்ய முடிந்த ஒன்றை, நடக்க முடியாத காலோடு ஆட்டோ பிடித்துப் போய்ச் செய்துவிட்டு வந்திருக்கிறார். என் வகுப்பில் பாதிப் பேர் கையில் கயிறு இருந்தது, கழுத்தில் சிலுவையும் தாயத்தும் இருந்தன. அடிப்பது, பட்டினி போடுவது, புகை காட்டுவது, மருத்துவரிடம் போகாமல் தடுப்பது என்று போனால் நானே சண்டைக்கு வருவேன். திருநீறும் தண்ணீரும் பிள்ளையை ஒன்றும் செய்யாது. "உனக்குப் பேய் பிடித்திருக்கிறது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழ்வார்புரத்தான் | 13 நவம்பர் 2024

டீச்சர் அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் பிள்ளையின் மனசைப் பற்றிப் பேசுகிறீர்கள். வீட்டுக் கணக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1993-இல் எங்கள் வீட்டில் இரவு யாரும் தூங்காததற்குக் காரணம் தண்ணீர் அன்று, கந்துவட்டி. குடிசை போட வாங்கிய பணத்துக்கு வட்டிக்காரன் வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பான். அப்பா குடிக்க ஆரம்பித்தது அந்த ஆண்டுதான். என் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றாள். தண்ணீர் மூன்று நாளில் வடிந்துவிட்டது, இந்தக் கடன் பத்து ஆண்டு நின்றது. தறிக்காரத் தம்பியின் பாவு நூலுக்கு யார் பணம் கொடுக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். அது தீர்ந்தால் பிள்ளையின் பாதி வயிற்றுவலி தீரும்.

மனநலப் பணியாளர் | 13 நவம்பர் 2024

இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. பேரிடருக்குப் பின் பிள்ளைகள் தேறுவதையும் தேறாததையும் தீர்மானிப்பதில், அந்த நாளின் அதிர்ச்சிக்கு நிகரான பங்கு அதற்குப் பின் வரும் கடனுக்கும் இடம்பெயர்வுக்கும் பெற்றோரின் குடிக்கும் சண்டைக்கும் உண்டு. 2007-இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த உதவியை நான்கு அடுக்குக் கூம்பாகத்தான் வரைகிறது. அடித்தளம் உணவு, இருப்பிடம், பாதுகாப்பு. அதன்மேல் குடும்பமும் ஊரும். அதன்மேல் பயிற்சி பெற்ற ஆசிரியர், சுகாதாரப் பணியாளர் போன்றோரின் ஆதரவு. உச்சியில் சிறு பகுதியினருக்கு மட்டும் மருத்துவம். நாம் உச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு தலைகீழாக நிற்கப் பார்க்கிறோம். உங்கள் அக்கா பள்ளியை விட்டு நின்றதையும் அந்த வெள்ளத்தின் சேதப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கும் பழக்கம் நமக்கு இல்லை.

சாத்தூர்ச் சித்தி | 16 நவம்பர் 2024

இங்கே எழுதுவது பொருந்துமா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வெள்ளம் வருவதில்லை. பட்டாசு ஆலைதான் வெடிக்கும். செய்தியில் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. என் அக்கா அப்படிப் போனாள். தீக்காயத்தோடு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து நான்காம் நாள். அவள் மகளுக்கு அப்போது ஆறு வயது, இப்போது எட்டு. என்னிடம்தான் வளர்கிறாள்.

முகத்தைக் காட்டக்கூடிய நிலை இல்லை என்பதால் பிள்ளையைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை. அம்மா வெளியூர் போயிருக்கிறாள் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். பத்து நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டது. அவள் அழவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு நான் கடைக்குப் போனால்கூட எத்தனை மணிக்கு வருவேன் என்று எழுதி வாங்கிக்கொள்கிறாள். ஐப்பசி பிறந்தால் வீட்டில் எவருக்கும் நிம்மதி இல்லை. ஊர் முழுக்கச் சோறு போடும் தொழில் அது, வெடிக்காதே என்று யாரிடம் சொல்ல முடியும்? தாமதமாகிவிட்டதா? இப்போது உண்மையைப் பேசினால் ஆறிய புண்ணைக் கிளறியதாகாதா?

மனநலப் பணியாளர் | 16 நவம்பர் 2024

பொருந்தும், அம்மா. தாமதமும் இல்லை. எழுதி வாங்கிக்கொள்கிறாள் என்றால் புண் ஆறவில்லை. "போனவர்கள் வருவார்கள் என்று பெரியவர்கள் சொன்னால் நம்பக் கூடாது" என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள், சாமி அழைத்துக்கொண்டது என்ற சொற்களை அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் பிள்ளை ஊருக்கும் தூக்கத்துக்கும் சாமிக்கும் பயப்படத் தொடங்குகிறது. இறந்துவிட்டாள் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். அன்று உன்னிடம் பொய் சொன்னோம், உனக்கு வலிக்கும் என்று பயந்து சொன்னோம், அது தவறு என்று பெரியவர்கள் ஒப்புக்கொள்வதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக ஏற்றுக்கொள்கிறார்கள். அவள் கேட்கும் அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. கடைசியாகப் பார்க்க விடாத பிள்ளைக்கு ஒரு விடைபெறுதல் மிச்சமிருக்கிறது. திதி கொடுக்கும் நாளில் அவளை ஓரமாக உட்காரவைக்காமல், அம்மாவுக்குப் பிடித்ததை அவள் கையால் படைக்கச் சொல்லலாம்.

நேரமாகும் என்றால் போன் செய்து சொல்லுங்கள். எழுதிக்கொடுத்த நேரத்தை ஒருபோதும் மீறாதீர்கள். இரண்டு ஆண்டு கடந்துவிட்டதால் மருத்துவரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. நேரில் போகத் தயக்கமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல், எந்நேரமும் பேசலாம். பிள்ளைக்குப் பாதுகாப்புக் குறைவு ஏதேனும் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பிள்ளைகளையும் பார்க்கிறார்கள். தறிக்காரர் மனைவிக்கும் இதையே சொல்கிறேன், அந்த வரிசையில் நிற்பவர்கள் அடுத்தவர் எதற்கு வந்தார் என்று பார்ப்பதில்லை, தம் டோக்கன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

கரும்பலகை | 17 நவம்பர் 2024

மதுரையில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அதில் பதினொரு வீடுகளில் தண்ணீர் புகுந்தது. எங்களுக்கு ஒரு நாள் பயிற்சிகூட இல்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, பாடம் முடிக்க வேண்டும். நான் ஆலோசகர் இல்லை. இதில் நான் எதைச் செய்ய முடியும் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

மனநலப் பணியாளர் | 17 நவம்பர் 2024

1999-இல் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபின் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து வகுப்பறையில் ஒரு திட்டத்தை நடத்தச் செய்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, எந்தப் பிள்ளை அதில் இருந்தது என்று தெரியாத ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிட்டபோது, அதிர்ச்சி அறிகுறிகளில் இரு தரப்புப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தார்கள். ஆனால் படிப்பிலும் பழக்கத்திலும் நடத்தையிலும் திட்டத்தில் இருந்தவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். பயத்தைத் துடைத்தெறிய உங்களால் முடியாமல் போகலாம். பயத்தோடேயே படிக்கவும் பழகவும் கற்றுக்கொடுக்க உங்களால்தான் முடியும்.

நடைமுறையில் சொல்கிறேன். மழை கொட்டும்போது பாடத்தை நிறுத்தி, பிள்ளைகளைச் சன்னலருகே அழைத்து, எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று இரண்டு நிமிடம் பாருங்கள். பிறகு பாடத்துக்குத் திரும்புங்கள். திரும்புவதுதான் முக்கியம். புத்தகம் நனைந்த பிள்ளையை வகுப்பின் முன் எழுப்பிக் கேட்காதீர்கள். புதிய புத்தகம் வரும்வரை பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து படிக்கட்டும். கழிப்பறைக்கு அடிக்கடிப் போகும் பிள்ளையைத் திட்டாதீர்கள். வாட்ஸாப்பில் சுற்றும் வெள்ளக் காட்சிகளைப் பிள்ளைகள் பார்க்காமல் இருக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். சின்னவர்களுக்குத் திரையில் பார்ப்பது பழைய வெள்ளமா புதிய வெள்ளமா என்று பிரிக்கத் தெரியாது. அமைதியாகிவிட்ட பிள்ளையை மறந்துவிடாதீர்கள். அழுகிறவனை யாரும் கவனிப்பார்கள்.

திருநகர் டீச்சர் | 18 நவம்பர் 2024

கரும்பலகை அம்மாவுக்கு ஒரு சொல்: மாதம் ஒரு முறையாவது உங்களைப் போன்ற இன்னும் மூன்று ஆசிரியைகளோடு உட்கார்ந்து காபி குடியுங்கள். சுனாமி ஆண்டில் எங்கள் பள்ளியில் யாரும் அதைச் செய்யவில்லை. மார்ச்சில் இருவர் இடமாறுதல் கேட்டுப் போய்விட்டார்கள். பிள்ளைகள் அவர்களையும் இழந்தார்கள்.

செல்லூர் தறிக்காரர் | 15 டிசம்பர் 2024

எல்லாருக்கும் நன்றி. கண்மாய்க்கணக்கு ஐயா சொன்னபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, மகனைக் கூட்டிக்கொண்டு பந்தல்குடிக் கால்வாயின் ஓரமாகவே நடந்து, அது வைகையில் சேரும் இடம்வரை காட்டினார். நடுவில் எங்கே குப்பை அடைத்திருக்கிறது, எங்கே குறுகுகிறது என்று அவன் நோட்டில் குறித்துக்கொண்டான். பயம் போயிற்றா என்று தெரியவில்லை. மாநகராட்சி மேல் கோபம் வந்திருக்கிறது. மாமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொல்கிறான்.

மழைத் திட்டம் போட்டோம். இந்த வாரம் மழை பிடித்தபோது தறியை நிறுத்திவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் கூலி போனது. நான் உள்ளே நுழைந்ததும் அவன் என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு டார்ச்சை எடுத்து அப்பத்தாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தான். டீக்கடைக்கு இப்போது நான் போகிறேன். நீர்மட்டம் எவ்வளவு என்று தினமும் கேட்கிறான், சொன்னதும் பல் துலக்கப் போய்விடுகிறான். இடையில் நான்கு நாள் கேட்கவே இல்லை.

படுக்கை வாரத்தில் ஒரு நாளாவது நனைகிறது. மாதம் ஒன்றைத் தாண்டிவிட்டதால் மருத்துவரிடம் போனோம், மனைவியும் வந்தாள். இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள், மருந்து ஏதும் எழுதவில்லை, தை மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். என் தூக்கம் பற்றியும் கேட்டார்கள். அதை இங்கே எழுத இப்போது மனமில்லை.

பள்ளிப்பை இன்னும் பீரோவின் மேல்தான் இருக்கிறது. இறக்கச் சொல்லலாமா என்று மனைவி கேட்டாள். மழைக்காலம் முடியவில்லை, புத்தகமும் புதிது. அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பாவு நூலையும் இப்போது பரணில்தான் வைக்கிறேன்.